தத்துவத் தாளில் எதற்கு மதிப்பெண்?

வேலைக்குச் சேர்ந்த முதல் செமஸ்டரில் என் மேசைக்கு வந்த இன்டர்னல் பண்டலில் 46 தாள்கள். கேள்வி ஒன்றுதான். பீட்டர் சிங்கர் 1972-இல் வெளியிட்ட ‘பஞ்சம், வளம், அறம்’ என்ற கட்டுரையின் மைய வாதத்தை எடுத்தெழுதி மதிப்பிட வேண்டும். மொத்தம் 25 மதிப்பெண்.

ஒரு மாணவி நான்கு பக்கம் எழுதியிருந்தாள். சிங்கர் 1946-இல் மெல்போர்னில் பிறந்ததில் தொடங்கி, பெந்தம், மில் என்று பயன்முதல்வாதத்தின் வரலாறு முழுவதையும் சொல்லி, பிறருக்கு உதவுவதே மனிதநேயம் என்று முடித்திருந்தாள். முத்து முத்தான கையெழுத்து, பிழையில்லாத ஆங்கிலம். 20 போட்டேன். இன்னொரு மாணவன் ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தான். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நிறைய அடித்தல் திருத்தல். அவன் எழுதியதன் சாரம் இது: சிங்கரின் உதாரணத்தில் குளத்தில் மூழ்குவது ஒரே குழந்தை, காப்பாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பசியில் இருப்பவர்களோ கோடிக்கணக்கானவர்கள். ஒருவரைக் காப்பாற்றியதும் அடுத்தவர் நிற்கிறார். அப்படியானால் நாம் இழப்பது எவ்வளவு என்று ஒவ்வொரு முறைக்கும் தனியாகக் கணக்கிட வேண்டுமா, எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட வேண்டுமா? அந்தத் தாளுக்கு 11 போட்டேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் வந்து, “மேம், நான் எங்க தப்பு பண்ணிட்டேன்?” என்று கேட்டான். அவன் தாளில் தப்பான ஒரு வரியைக்கூட என்னால் தொட்டுக் காட்ட முடியவில்லை. சிங்கரை ஆழ்ந்து படிக்கும் ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கும் ஒரு சிக்கலை இரண்டாம் ஆண்டு மாணவன் தானாகக் கண்டுபிடித்திருந்தான். நான் மதிப்பெண் கொடுத்ததோ கையெழுத்துக்கும் பக்க எண்ணிக்கைக்கும்.

அன்று நான் எனக்கு வகுத்துக்கொண்ட விதியை, இந்த ஆண்டு தத்துவத் துறையில் பாடம் எடுக்கத் தொடங்கும் உங்களுக்கும் சொல்கிறேன். கொடுத்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும், குறைத்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் தாளில் ஒரு வரியைக் காட்டத் தெரிய வேண்டும். காட்ட முடியாத மதிப்பெண்ணைப் போடக் கூடாது.

ஸ்கீமை முதலில் சரிசெய்யுங்கள்

வினாத்தாள் தயாரிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1 முதல் கே6 வரை நிலை குறிக்கிறோம். 2001-இல் திருத்தி அமைக்கப்பட்ட புளூம் வகைப்பாட்டின்படி கே4 பகுத்தாய்தல், கே5 மதிப்பிடுதல். ‘வாதத்தை ஆய்ந்து மதிப்பிடுக’ என்று கேட்டுவிட்டு கே5 என்று குறிக்கிறோம். பிறகு ஸ்கீம் எழுதும்போது ‘முன்னுரை 3, ஆசிரியர் குறிப்பு 2, கருத்துகள் 15, முடிவுரை 5’ என்று பிரித்துவிடுகிறோம். கேள்வி ஐந்தாம் நிலையில் இருக்கிறது, மதிப்பெண்ணோ நினைவாற்றலுக்கு, அதாவது முதல் நிலைக்குப் போகிறது. மாணவர்கள் இதை ஒரே செமஸ்டரில் கண்டுகொள்கிறார்கள். அதற்குப் பிறகு நோட்ஸை மனப்பாடம் செய்யாதே என்று எத்தனை முறை சொன்னாலும் பயன் இருக்காது. ஸ்கீம் என்ன சொல்கிறதோ அதைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

நான் இப்போது 25-ஐப் பிரிக்கும் விதம் இது. வாதத்தின் முடிவைச் சரியாகக் கண்டதற்கு 3. அதற்கு ஆதாரமாக நிற்கும் கூற்றுகளைப் பிரித்தெடுத்ததற்கு 6. அந்தக் கூற்றுகளிலிருந்து முடிவு எப்படி வருகிறது, நடுவில் சொல்லாமல் விட்டது எது என்று காட்டியதற்கு 5. ஒரு நல்ல தடைக்கு 6. அந்தத் தடைக்கு ஆசிரியர் தரப்பிலிருந்து என்ன விடை வரும் என்று யோசித்ததற்கு 3. தெளிவுக்கு 2. வாழ்க்கைக் குறிப்புக்கு மதிப்பெண்ணே இல்லை. இதைக் கேள்வியோடு சேர்த்து அச்சிட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுவேன்.

கூட்டிப் பாருங்கள்: மறுப்பதற்கு முன்பே 14 மதிப்பெண் போய்விடுகிறது. துறையில் பலர் இதை ஏற்பதில்லை. விமர்சனம்தானே தத்துவம், அதற்கு இவ்வளவு குறைவா என்பார்கள். என் அனுபவத்தில், தடை நொண்டுகிற தாள்களில் பத்துக்கு எட்டில் கோளாறு தடையில் இருப்பதில்லை. மாணவர் யாரும் சொல்லாத வாதத்தை மறுத்திருப்பார். எதிராளி சொன்னதைத் திருத்தமாகச் சொல்லத் தெரிந்தவருக்குத் தடை எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தானாகக் கண்ணில் படும்.

இது மேற்கிலிருந்து வந்த பாடம் என்று நினைக்க வேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகளாக அமைந்தது. பரபக்கத்தில் உலோகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 மதங்களின் கொள்கைகளை அவர்கள் பேசுவதாகவே முதலில் எடுத்து வைத்து, அதன் பிறகுதான் ஒவ்வொன்றையும் மறுக்கிறார். தன் கொள்கையைச் சொல்வது அதற்கும் பிறகு. நம் உரையாசிரியர்கள் தடை, விடை என்று எழுதியதும் இந்த ஒழுங்கில்தான். மாணவர்களிடம் ‘பிரின்சிபிள் ஆஃப் சாரிட்டி’ என்று ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைக்கப் பட்ட பாடு, பரபக்கத்தைக் காட்டியதும் பாதியாகக் குறைந்தது.

‘ஆல்’ என்ற உருபு

தமிழில் எழுதும் மாணவர்களின் தாள்களிலும், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் தாள்களிலும் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் திருத்தினால் அநியாயம் செய்துவிடுவோம்.

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘மலையில் நெருப்பு இருப்பதால் புகை எழுகிறது.’ ‘மலையில் புகை எழுவதால் நெருப்பு இருக்கிறது.’ இரண்டிலும் அதே ‘ஆல்’. முதல் வாக்கியம் புகை ஏன் உண்டானது என்று காரணம் சொல்கிறது. இரண்டாவது, நெருப்பு உண்டு என்று நாம் ஏன் நம்பலாம் என்று சான்று காட்டுகிறது. முதலாவது விளக்கம், இரண்டாவது வாதம். புகை நெருப்பை உண்டாக்குவதில்லை. ஆனால் நெருப்பை அறிவிக்கிறது. மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் அளவையைச் சொல்லும்போது வருவதும் இதே மலை, இதே புகை, கூடவே உதாரணமாக அடுக்களையும். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று உறுப்புகளையும், அவை பிழைபடும்போது வரும் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்ற வகைகளையும் அந்தக் காதை விரிவாகச் சொல்கிறது. இளங்கலை முதல் வகுப்பிலேயே இதை வைத்துவிடலாம். பாடத்திட்டத்தில் இல்லை என்று யாரும் தடுக்கப் போவதில்லை.

ஆகவே ஒரு மாணவர் ‘மக்கள் சுயநலமாக இருப்பதால் உதவி செய்வதில்லை’ என்று எழுதினால், உடனே எடுகூற்று என்று டிக் போடாதீர்கள். (பிரிமிஸ் என்று வகுப்பில் சொல்வதை இலங்கையின் அளவையியல் நூல்கள் எடுகூற்று என்கின்றன. எனக்குப் பிடித்த சொல், இங்கே அதையே பயன்படுத்துகிறேன்.) அது நடப்புக்கு விளக்கம். உதவுவது கடமையா என்ற கேள்விக்கு அது சான்றாகாது. ஓரத்தில் ‘இது ஏன் நடக்கிறது என்று சொல்கிறாய். ஏன் நம்ப வேண்டும் என்று எங்கே சொன்னாய்?’ என்று எழுதுங்கள். இந்த ஒரு கேள்வியை மூன்று தாள்களில் பார்த்த மாணவர் நான்காவது தாளில் அந்தப் பிழையைச் செய்வதில்லை.

ஆங்கில மீடியம் தாளில் ‘பிகாஸ்’, ‘தேர்ஃபோர்’ இல்லாமல் வாக்கியங்கள் அடுக்கடுக்காக நிற்கும். தமிழில் காரணத்தை வினையெச்சத்திலும் உருபிலும் அடக்கிப் பேசிப் பழகியவர் ஆங்கிலத்துக்கு வரும்போது இணைப்பை விட்டுவிடுகிறார். அவர் மனதில் இணைப்பு இருக்கலாம். சந்தேகம் வந்தால் கூப்பிட்டு வாயால் கேளுங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மொழிப் பிழைக்கு நான் வைத்திருப்பது தெளிவுக்கான அந்த 2 மதிப்பெண்தான். அதற்கு மேல் மொழி ஒரு மதிப்பெண்ணைக்கூடத் தொடக் கூடாது.

சிங்கரின் வாதமும் மாணவர் தடைகளும்

இனி திருத்தும் வேலைக்கே வருவோம். நல்ல எடுத்துரைப்பு எப்படி இருக்கும் என்று நீங்களே ஒருமுறை எழுதி வைத்துக்கொள்ளாமல் பண்டலைப் பிரிக்காதீர்கள். சிங்கர் அந்தக் கட்டுரையை எழுதியது 1971 நவம்பரில், கிழக்கு வங்கத்தில் போரும் வறுமையும் மக்களை அகதிகளாக்கியிருந்த நேரத்தில். அவர் வாதத்தை நான் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

1. உணவும் உறைவிடமும் மருத்துவமும் இல்லாமல் துன்புறுவதும் சாவதும் தீயவை.
2. ஒரு தீமையைத் தடுக்க நம்மால் முடியும், அதற்காக ஒழுக்க நோக்கில் அதற்கு ஈடான எதையும் நாம் இழக்க வேண்டியதில்லை என்றால், அதைத் தடுப்பது நம் கடமை.
3. நிவாரண அமைப்புகளுக்குப் பணம் கொடுப்பதன் மூலம், ஈடான எதையும் இழக்காமல், இத்தகைய துன்பத்தை நம்மால் தடுக்க முடியும்.
ஆகவே, கொடுப்பது நம் கடமை.

குளத்தில் மூழ்கும் குழந்தை இந்தப் பட்டியலில் இல்லை, கவனியுங்கள். உடை சேறானாலும் இறங்கிக் காப்பாற்ற வேண்டும் என்ற அந்த உதாரணம் இரண்டாவது கூற்றுக்கு ஆதரவாக வருகிறது. ‘சிங்கர் குழந்தையையும் பஞ்சத்தையும் ஒப்பிட்டு வாதிடுகிறார், இரண்டும் ஒன்றல்ல’ என்று மட்டும் எழுதும் மாணவர் உதாரணத்தையே வாதமாக எடுத்துக்கொண்டுவிட்டார். அவருக்கு முடிவுக்கான 3 உண்டு, கூற்றுகளுக்கான 6-இல் பாதி தாண்டாது.

மூன்றாவது கூற்றை மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சிங்கர் அதைத் தனி வரியாக எண்ணிட்டுத் தருவதில்லை, கட்டுரையின் போக்கில் கலந்திருக்கிறது. ஆனால் அது இல்லாமல் முடிவு வராது. முதலிரண்டு கூற்றுகளையும் ஒப்புக்கொண்ட ஒருவர், ‘என் பணம் போய்ச் சேராது’ என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இணைப்புக்கு நான் வைத்திருக்கும் 5 மதிப்பெண் இதற்காகத்தான். மூன்றாவது கூற்றை யார் தோண்டி எடுக்கிறாரோ அவர் வாதத்தை உள்ளிருந்து பார்த்திருக்கிறார் என்று பொருள்.

தடைக்கு மதிப்பெண் போடும்போது நான் கேட்பது ஒன்றே: இந்தத் தடை எந்தக் கூற்றைத் தொடுகிறது?

பண்டலில் பாதிப் பேர் எழுதுவது ஊழல்: பணம் இடையில் இருப்பவர்களிடம் போய்விடும். இது மூன்றாவது கூற்றைத் தொடுகிறது. நல்ல தடைதான். ஆனால் இரண்டாவது கூற்றை இது அசைக்கவில்லை. ஒழுங்காக நடக்கும் ஓர் அமைப்பைக் காட்டிவிட்டால் கடமை திரும்பி வந்துவிடும். இதை மாணவரே சொன்னால் 6-இல் 5. ஊழல் என்று சொல்லி, ஆகவே சிங்கர் தவறு என்று நிறுத்தினால் 2 அல்லது 3.

அடுத்தது, ‘எல்லோரும் கொஞ்சம் கொடுத்தால் போதுமே, நான் மட்டும் ஏன் நிறையக் கொடுக்க வேண்டும்?’ இதைச் சிங்கரே கட்டுரையில் எடுத்துப் பேசியிருக்கிறார். எல்லோரும் கொடுப்பார்கள் என்றால் நம் பங்கு குறையலாம். ஆனால் எல்லோரும் கொடுக்கவில்லையே, அதுதானே நிலைமை என்பது அவர் விடை. குளத்தைச் சுற்றி இன்னும் பலர் சும்மா நிற்கிறார்கள் என்பதால் நாம் இறங்க வேண்டிய கடமை குறைவதில்லை. மாணவர் இந்தத் தடையை எழுதிவிட்டுச் சிங்கரின் விடையைக் குறிப்பிடாவிட்டால் கட்டுரையை முழுதாகப் படிக்கவில்லை என்று தெரிகிறது. விடைக்கான 3 போய்விடும். விடையைச் சொல்லி அதையும் தாண்டி ஒரு வார்த்தை எழுதினால் முழு மதிப்பெண்ணும் கொடுக்கத் தயங்காதீர்கள்.

‘இது மனிதர்களால் முடியாத அளவு கடினமான கடமை’ என்பது மூன்றாவது வகை. இது எந்தக் கூற்றையும் நேரே தொடுவதில்லை, முடிவை மட்டும் வேண்டாம் என்கிறது. முடிவு கசப்பாக இருப்பது வாதத்தின் பிழையாகாது. ஆனால் சில மாணவர்கள் ஒரு படி மேலே போவார்கள்: முடிவு இவ்வளவு கடுமையாக இருப்பதே இரண்டாவது கூற்று அளவு மீறியது என்பதற்குச் சான்று; ஆகவே, சிங்கரே தரும் மென்மையான வடிவம், அதாவது ஒழுக்க நோக்கில் முக்கியமான எதையும் இழக்காமல் என்ற வடிவம், அதுவே ஏற்கத்தக்கது என்பார்கள். இப்படித் தடையை ஒரு கூற்றோடு கட்டிவிட்டால் அது முதல் தரம்.

எனக்கு முதல் செமஸ்டரில் வந்த அந்த ஒன்றரைப் பக்கத் தாளின் தடை இரண்டாவது கூற்றின் ஒரு சொல்லைப் பிடித்தது. ‘இழப்பு’ என்றால் ஒரு முறையின் இழப்பா, மொத்த இழப்பா என்று கேட்டது. இன்று அந்தத் தாளைத் திருத்தினால் 22 போடுவேன். நான்கு பக்கத் தாளுக்கு 9.

முடிவு பிடிக்காவிட்டால்

கடவுள் உண்டா, தற்கொலை குற்றமா, விலங்கைக் கொல்லலாமா என்பன போன்ற கேள்விகள் நம் பாடத்தில் தவிர்க்க முடியாதவை. நமக்கும் நம்பிக்கைகள் உண்டு. மாணவர் நம் நம்பிக்கைக்கு எதிராக எழுதும்போது கை இயல்பாகக் குறைத்துவிடும், ஆதரவாக எழுதும்போது ஓட்டையைப் பார்க்காமல் கடந்துவிடும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, கண்டுபிடிப்பதும் கடினம்.

இதற்கு நான் வகுப்பில் சொல்வது அன்செல்ம், கௌனிலோ கதை. 11-ஆம் நூற்றாண்டில் அன்செல்ம், எதைவிட உயர்ந்ததை எண்ண முடியாதோ அதுவே கடவுள், அது எண்ணத்தில் மட்டும் இருக்க முடியாது, ஆகவே கடவுள் உண்டு என்று வாதிட்டார். அதே போக்கில் போனால் எதைவிடச் சிறந்ததை எண்ண முடியாத ஒரு தீவும் எங்கோ இருந்தாக வேண்டுமே என்று கௌனிலோ மறுத்தார். கௌனிலோ நாத்திகர் இல்லை. மார்முத்தியே மடத்துத் துறவி, அன்செல்மைப் போலவே கடவுளை நம்பியவர். முடிவை ஏற்றுக்கொண்டே வாதத்தை ஏற்க மறுத்தார். அன்செல்ம் செய்தது இன்னும் பெரியது. கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் சேர்த்தே தன் நூலைப் படியெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒரு வாதத்தை மதிப்பிடுவது என்றால் என்ன என்று மாணவருக்கும் நமக்கும் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நடைமுறையில் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்துப்போன தாளை எடுத்து, அதே தடத்தில் எதிர் முடிவுக்கு எழுதியிருந்தால் இதே மதிப்பெண் போட்டிருப்பேனா என்று கேட்டுக்கொள்வேன். தயக்கம் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து படிப்பேன்.

பண்டலைத் திருத்தும் நாள்

பேனா இல்லாமல் ஐந்து தாள்களை முதலில் படியுங்கள். நீங்கள் எழுதி வைத்த எடுத்துரைப்பில் இல்லாத, ஆனால் சரியான வழி ஒன்றை யாராவது கண்டிருப்பார். ஸ்கீமைத் திருத்த வேண்டிய நேரம் அதுதான்; முப்பதாவது தாளில் திருத்தினால் முதல் 29 பேருக்கு அநியாயம்.

செமஸ்டர் தாள்களில் டம்மி நம்பர் இருக்கும், இன்டர்னலில் பெயர் இருக்கும். முகப்புப் பக்கத்தை மடித்துவிட்டுத் திருத்துங்கள். 1920-இல் எட்வர்ட் தார்ன்டைக் ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளை ஆராய்ந்து, ஒரு குணத்தில் உயர்ந்தவர் என்று பட்டவரை எல்லாக் குணங்களிலும் உயர்வாகவே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டினார். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் மாணவருக்கு நாம் செய்வதும் அதுவே.

ஒரு தாளை முழுதாக முடித்து அடுத்ததற்குப் போவதைவிட, எல்லாத் தாள்களிலும் எடுத்துரைப்பை முதலில் திருத்தி, பிறகு முதல் தாளிலிருந்து தடையைத் திருத்துவது நல்லது. கூடுதல் நேரம் எடுக்காது. ஓர் அமர்வில் பதினைந்து தாள்கள் போதும். கடைசித் தாள் முடிந்ததும் முதல் ஐந்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நீங்கள் வழியில் மாறியிருக்கிறீர்கள். துறையில் நம்பிக்கையான ஒருவரிடம் மதிப்பெண் எழுதாத ஐந்து நகல்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். இருவர் மதிப்பெண்ணும் விலகினால் யார் சரி என்று சண்டையிட வேண்டாம், எந்த வரியில் விலகினோம் என்று பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் டீச்சிங் அசிஸ்டன்ட்டாகப் போகிறவர்கள் பண்டலைத் தொடும் முன் பல இடங்களில் இப்படி ஒன்றாக உட்கார்ந்து திருத்திப் பார்ப்பார்கள். இங்கே நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஓரக்குறிப்பில் ‘குட்’, ‘வேக்’, ‘இம்ப்ரூவ்’ என்று எழுதாதீர்கள். அந்தச் சொற்களை வைத்து மாணவர் அடுத்த தாளில் எதையும் மாற்ற முடியாது. கூற்றின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: ‘நீ மறுப்பது 2-ஐயா, 3-ஐயா?’ ‘இந்த வரியிலிருந்து அந்த முடிவு எப்படி வந்தது?’ ஒரு தாளுக்கு இப்படி இரண்டு கேள்விகள் போதும். பத்துக் குறிப்பு எழுதினால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள்.

மதிப்பெண் கேட்டு வரும் மாணவரிடம் எரிச்சல் வேண்டாம். ‘எந்த வரிக்கு மதிப்பெண் வரணும்னு நினைக்கிற, அதைக் காட்டு’ என்று கேளுங்கள். காட்டினால் படியுங்கள், தவறு உங்களுடையது என்றால் அங்கேயே திருத்திக் கையெழுத்திடுங்கள். காட்ட முடியாவிட்டால், எந்த வரி இருந்திருந்தால் மதிப்பெண் வந்திருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள். இப்படிப் பேசி அனுப்பிய மாணவர் யாரும் என்னிடமிருந்து மனக்கசப்போடு போனதில்லை.

வீட்டில் எழுதி வரும் தாள்கள்

சாட்பாட் வந்த பிறகு சிங்கரின் வாதத்தை எண்ணிட்டு எழுதி வருவது இரண்டு நிமிட வேலை. ‘இது இயந்திரம் எழுதியது’ என்று சொல்லும் மென்பொருள்களை நம்பி ஒரு மாணவர் மீது பழி போடாதீர்கள். அவை தவறாகவும் சொல்லும். அந்தத் தவறைச் சுமக்க வேண்டியது ஓர் இளைஞர். மதிப்பெண்ணுக்கான எழுத்தை வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள். முன்பின் பார்த்திராத 300 சொல் பத்தி ஒன்று, நாளிதழ்த் தலையங்கத்திலிருந்தோ தீர்ப்பு ஒன்றிலிருந்தோ எடுத்துக் கொடுங்கள். 40 நிமிடம், கையெழுத்தில். வீட்டுத்தாள் வேண்டும் என்றால் அதன்மேல் ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு வையுங்கள். ‘மூன்றாவது கூற்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ என்ற ஒரு கேள்வி போதும். புரிந்து எழுதியவர் யோசித்தாவது பதில் சொல்லிவிடுவார்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கௌரவ விரிவுரையாளராக வாரம் முழுக்க வகுப்பெடுத்து, நாக் கோப்புகளும் எழுதி, இதையும் செய்வது கடினம்தான், மறுக்கவில்லை. ஆகவே செமஸ்டருக்கு ஐந்து அசைன்மென்ட் கொடுப்பதை விட்டுவிட்டு, இப்படி இரண்டு மட்டும் கொடுங்கள். விதிமுறை மூன்று கேட்டால் மூன்றாவதை அப்ஜெக்டிவ் தேர்வாக வைத்துவிடலாம்.

திருத்திய தாள்களில் நல்லது, நடுத்தரம், பலவீனம் என்று மூன்றை மாணவர் அனுமதியோடு, பெயரை நீக்கி நகலெடுத்து, உங்கள் ஸ்கீமோடு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பில் முதல் வாரமே அவற்றைக் கொடுத்து மாணவர்களையே மதிப்பெண் போடச் சொல்லலாம். நிரந்தரப் பணிக்கான நேர்காணலில், மாணவரை எப்படி மதிப்பிடுவீர்கள் என்று கேட்டால் அந்தக் கோப்பை மேசைமேல் வைக்கலாம். சொல்லித் தெரியவைப்பதைவிட அது நன்றாகப் பேசும்.

அடுத்த இன்டர்னலுக்குச் சிங்கர் வேண்டாம் என்றால் வேறு எதையாவது எடுங்கள். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் ஒரு மதம், மணிமேகலையின் அந்தக் காதையில் ஒரு போலி, நேற்றைய தலையங்கம். ஆனால் வினாத்தாளை அச்சுக்கு அனுப்பும் முன், எடுத்துரைப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.